பிலோமினா அக்காவும் ஒன்பதாம் நம்பரும்

பிலோமினா அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, ஈப்போவில், மகள் வீட்டில்... தூக்கத்திலேயே.

ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

என் நண்பர்கள் பலருக்கு அக்காவைத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு டயர் வொர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கிராணியாக, சாமான் கணக்குப் பார்க்கும் கிளார்க்காக, இருந்தவர். நான் அங்கே டைப்பிஸ்ட். ஒரு நட்டுகூட அக்காவுக்குத் தெரியாமல் வெளியே போகாது. வாய் அப்படி!

எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஒருத்தர் ஒரு மைலோ டின்னில் பெயிண்ட்டால் நம்பர் எழுதி, பழைய தோட்டத்திலோ மலையடியிலோ ஒளித்து வைப்பார். போகும் வழியை நான் கார்பன் வைத்து டைப் அடித்து எல்லோருக்கும் ஒரு ஸ்லிப் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மோட்டோவில் போய்த் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும்.

பரிசெல்லாம் கிடையாது. சும்மா... சந்தோஷத்துக்கு.

நம்பர்களுக்குப் பொறுப்பு அக்கா. டின் தொலைந்தால் அந்த நம்பரும் அதோடு சரி. வேறு டின்னுக்குத் திரும்பக் கொடுக்கவே மாட்டார்.

காரணம் இருந்தது. ஒருமுறை காணாமல்போன டின்னின் நம்பரைப் புது டின்னுக்குக் கொடுத்துவிட்டோம். பீடோர் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் பழைய ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய், நாள் முழுக்க இல்லாத டின்னைத் தேடியிருக்கிறார்கள். திங்கட்கிழமை கால் முழுக்க அட்டைக்கடியோடு வந்து அக்காவைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் போட்ட ரூல் அது.

ஒன்பதாம் நம்பர், காத்தமுத்துவின் டின். அவன் எங்களோடு வேலை செய்த டயர் ஃபிட்டர்.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில், அவன் பிறந்த வீட்டுக் கதவில் ஒன்பது என்றுதான் எழுதியிருக்குமாம். அந்த வீட்டுக்குப் பின்னால் நின்ற கித்தா மரத்துப் பொந்தில் டின்னை வைத்திருந்தான்.

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பாமாயிலுக்குச் செம்பனை போடுவதற்காக கித்தா மரத்தையெல்லாம் தள்ளி, லயத்தையும் இடித்துவிட்டார்கள். டின்னும் போனது.

அவன் அக்காவிடம் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

"வீடும் போச்சு, மரமும் போச்சுக்கா. நம்பராச்சும் இருக்கட்டுமே. வேற எடத்துல வக்கிறேன்."

"டாக் போலே லா தம்பி, முடியாது. பழைய ஸ்லிப் ஊரெல்லாம் கெடக்கு. நாளைக்கி எவனாச்சும் அங்க போயி நிப்பான். வேற நம்பர் தாரேன், எடுத்துக்க."

அவன் எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எங்களோடு உட்காரவில்லை. டயர் அடுக்குக்குப் பின்னால் தனியாக... மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஒரு நாள் அக்கா என்னிடம் மட்டும் கேட்டார். "சரசு, ஒம்பதாம் நம்பர் ஸ்லிப் யார் யாருக்குக் குடுத்த?"

அப்புறம்தான் புரிந்தது. அக்கா ஒவ்வொரு வீடாகப் போய் அந்த ஸ்லிப்பைத் திரும்ப வாங்க ஆரம்பித்துவிட்டார்! பீடோர் பையன்கள் வீட்டுக்குக்கூடப் போனார். அவர்கள் இன்னொரு முறை திட்டினார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

கடைசி ஸ்லிப் எங்கள் கூட்டத்து வேலு அண்ணனிடம். அவர் கல்யாணம் முடித்து பாகான் செராய்க்கே போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் மழை.

வேலு அண்ணன் தலையைச் சொறிந்தார். "எங்க வச்சேன்னே தெரியலையே அக்கா... அந்தத் துண்டுக் காயிதத்துக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"தேடு லா. தேடிக் குடுத்தாத்தான் தண்ணி குடிப்பேன்."

அண்ணி அதை அடுப்படி அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்தார். மஞ்சள் கறையோடு கிடைத்தது. அக்கா அதை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் தண்ணி கேட்டார். பஸ்ஸில் என்னிடம், "அவன்கிட்ட சொல்லிறாத. சங்கடப்படுவான்" என்றார்.

மறுநாள் காத்தமுத்துவைக் கூப்பிட்டார். "இந்தா, ஒம்பது. எங்கயாச்சும் கொண்டுபோயி வையி. மூஞ்சிய மட்டும் இப்படி வச்சிக்காத, பாக்கச் சகிக்கல."

அவ்வளவுதான். நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று அக்காவின் மகள் வீட்டு வாசலில் காத்தமுத்துவைப் பார்த்தேன். முடியெல்லாம் நரைத்துவிட்டது. வந்தவர்களிடம் அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, வழக்கமாகச் சொல்லும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "அக்கா ரூல மாத்துனது ஒரே ஒருத்தனுக்குத்தான். நான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்ததப் பாத்துப் பயந்து குடுத்துட்டாங்க."

இத்தனை வருஷமாக எல்லாக் கல்யாணத்திலும் இதைத்தான் சொல்வான். அக்காவும் பக்கத்தில் நின்று, "ஆமா லா, பயந்துட்டேன்" என்று சிரிப்பார்.

இன்று அப்படிச் சொல்ல அக்கா பக்கத்தில் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்... எல்லாவற்றையும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாகான் செராய் வரைக்குமா?" என்றான்.

"ஆமா."

"பஸ்லயா?"

"பஸ்லதான்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

அக்கா... சொல்லாதே என்றீர்கள், சொல்லிவிட்டேன். கோபம் இருந்தால் நான் அங்கே வரும்போது திட்டுங்கள். இப்போது நிம்மதியாகப் போங்கள்.