முதற்பரிசும் சிவந்த பற்களும்

வாசகரே, நீங்களே நடுவராக இருந்து என் வழக்கைக் கேளுங்கள். சென்ற வாரம் திருப்பதியில் அக்காள் மகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். பல்லில் அழுக்கு தங்கிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் மாத்திரையை அவள் மென்றாள். அதன் இனிப்பு வாசனை என்னைச் சிறுவயதில் நான் படித்த நகரி ஊர்ப் பள்ளி மேடைக்கே இழுத்துச் சென்றது.

அன்று நான் ஐந்தாம் வகுப்பு. ‘இருவேளையும் பல் துலக்குவீர்!’ என்று முழங்கிப் பேச்சுப்போட்டியில் முதலிடம் பெற்றிருந்தேன். கோப்பை வழங்கச் சித்தூரிலிருந்து வந்த பல் மருத்துவர், அனைவருக்கும் முன்மாதிரியாக என்னை அம்மாத்திரையை மென்று காட்டச் சொன்னார். மென்றேன், வெற்றிப் புன்னகையோடு சபையை நோக்கினேன். சபை குலுங்கிச் சிரித்தது. என் பற்கள் ஒன்றுவிடாமல் செக்கச்சிவந்திருந்தன.

முன்வரிசையில் இருந்த என் தந்தை எழுந்தார்.

“ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கினு நிக்கிறியே, நேத்து ராத்திரி பல்லு வெளக்கினியாடா?”

“பேச்சு மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தேன் நைனா. டைமே இல்ல.”

மருத்துவர் கோப்பையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “இனிமே என்னா செய்வேன்னு மைக்குல சொல்லு. அப்பதான் கப்பு.”

ஒலிபெருக்கியின் முன் நிமிர்ந்து நின்றேன்.

“சபையோரே! இன்றிரவிலிருந்து முதலில் பல் துலக்குவேன். அதன் பிறகே பேச்சை மனப்பாடம் செய்வேன்!”