நல்ல ஊசியாப் போடுங்க

லேப் டாக்டரம்மா அந்தக் கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தட்டு முழுக்க, ஒரு நோயாளியின் சீழிலிருந்து வளர்த்த கிருமி பாசிபோலப் படர்ந்திருந்தது. இடையிடையே சின்னச் சின்ன மருந்து வில்லைகள். சில வில்லைகளைச் சுற்றிக் கிருமி அண்டாமல் தெளிந்த வட்டம் விழுந்திருந்தது. மற்றவற்றின் மேலேயே கிருமி ஏறி உட்கார்ந்திருந்தது. வட்டம் விழுந்த மருந்து கேட்கும், விழாதது கேட்காது, அவ்வளவுதான் சங்கதி என்றார். தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் வார்டுக்கு நான் பொறுப்பு நர்ஸ். அதுவரை வட்டத்தைப் பார்த்து மருந்து எழுதியவர் யாரும் அங்கே இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஊசி என்பது ஒரு மரியாதை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாகப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன் என்ன ஊசி போடுகிறார்கள் என்றுதான் கேட்பார்கள். விலை குறைந்த மருந்தின் பெயரைச் சொன்னால் நோயாளியின் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போகும். உடனே என்னிடம் வந்து நிற்பார்: "காசப் பத்தி நெனைக்காதீங்க சிஸ்டர், நல்ல ஊசியாப் போடுங்க." டாக்டர்களும் லேசுப்பட்டவர்களில்லை. கொசு கடித்ததற்குப் பீரங்கி வைப்பார்கள்.

டாக்டரம்மா வந்து இதை மாற்றினார். பெரிய ஊசிகளுக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சோதனை முடிவு வந்ததும் தேவையில்லாததை நிறுத்த வேண்டும். முதலில் முணுமுணுத்த சர்ஜன்கள், புண் நன்றாக ஆறுவதைக் கண்டு அடங்கினார்கள். நோயாளிகள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், பில்லும் இறங்கியது. எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பில் இறங்கியதுதான் வினையாகப் போயிற்று. ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் கெட்டவரில்லை, ஸ்கேன் மெஷின் வாங்கிய கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"நீங்க சொல்றது நெசந்தானுங்க டாக்டரம்மா. ஆனா மிச்சமாகறது பேஷண்டுக்கு. நம்ம மருந்துக்கடை நஷ்டம் எனக்குத்தானுங்களே?"

இப்போது மருந்தைக் கண்டபடி செலவழித்தால் நாளைக்கு எதுவுமே கேட்காது என்று டாக்டரம்மா வாதாடிப் பார்த்தார். நாளைய நஷ்டத்துக்கு இன்று யார் வட்டி கட்டுவது? திட்டம் அன்றோடு நின்றது. வார்டு பழையபடி ஆயிற்று.

இரண்டு வருஷம் போயிருக்கும். மதுக்கரைப் பக்கமிருந்து ஒரு பெண்ணை இரண்டாவது பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறியது. ஒவ்வொரு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள், எதுவும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். எங்கள் வார்டிலேயே வளர்ந்த கிருமி அது. அவர் சோதித்த தட்டில் ஒரு வட்டம்கூட விழவில்லை.

புருஷன்காரர் கொஞ்சம் தென்னை வைத்திருந்த விவசாயி. வாங்குவதற்கு மருந்து இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தன்னிடம் பணமில்லை என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அந்த மனுஷர் புரிந்துகொண்டார். ஊருக்குப் போய்த் தோட்டத்தை வந்த விலைக்குப் பேசி, முன்பணத்தை மஞ்சப்பையில் கொண்டுவந்து நீட்டினார். அதைக் கையில் வாங்க ஆளில்லை. மறுநாள் அவள் போய்விட்டாள்.

உடம்பை வண்டியில் ஏற்றும்போது கைக்குழந்தையோடு அவர் டாக்டரம்மாவிடம் வந்தார்.

"ஏனுங்க, ரெண்டு நாள் முன்னாடியே தோட்டத்த வித்துப்போட்டிருந்தா பொழச்சிருப்பாளுங்களா?"

இல்லைங்க என்றார் டாக்டரம்மா. திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனுஷர் நம்பவில்லை.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் எந்த ஊசி தேவை, எது வேண்டாம் என்று பார்ப்பதற்கென்றே கமிட்டி இருக்கிறது. இதனால் செலவு மிச்சம் என்று பேப்பரில் பெருமையாகப் போடுகிறார்கள். படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயது தாண்டியிருக்கும். காசு கட்ட நேரமானதால் அம்மா செத்துப்போனாள் என்றுதான் அப்பா அதற்குச் சொல்லியிருப்பார்.