என் வயிற்றில் ஒரு டர்போ கிளிப்

எக்ஸ்ரே எடுத்து ஒரு டர்போவின் நோயைக் கண்டுபிடித்த பெருமை எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் உண்டு. அந்த எக்ஸ்ரே என் வயிற்றினுடையது என்பதில் எனக்குக் கூடுதல் பெருமை.

எண்பதுகளின் நடுவில், தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு கோலியில், அதாவது மாடியில் ஒற்றை அறையில், குடியிருந்தோம். நான் நாலாம் வகுப்பு. உம்மாவின் தம்பியான என் மாமா குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் இருந்தவர். முதலாளியோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்து, எங்கள் கோலிக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்துச் சொந்தக் கடை போட்டார். மேசை இருந்தது, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இருந்தது, சுவரெல்லாம் ஸ்பானர் தொங்கியது. வேலைதான் வரவில்லை. இப்படியே போனால் குர்லாவுக்கே திரும்பிப்போய் அந்த முதலாளியின் வாசலில் நிற்க வேண்டியதுதான் என்று உம்மா தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாட்டுங்காவிலிருந்து ஒரு கார்க்காரர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறைய விபூதி. ஊருக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டு அதிகாரியிடம் வாங்கிய பழைய கார் ஒன்றைப் பெற்ற பிள்ளை போல வைத்திருந்தார். அவர் கொண்டுவந்த சாக்கைப் பிரித்தால், இரண்டு இரும்பு நத்தைகள் முதுகோடு முதுகு ஒட்டியது போல ஒரு சாமான்.

“பாய், இது டர்போவாம். சுத்தவே மாட்டேங்கறது. எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு எவனுக்கும் தெரியலை. நோக்குத் தெரியுமோ?”

“சுத்த வச்சிருவோம் சார்” என்றார் மாமா. வாழ்க்கையில் அப்படி ஒன்றை அவர் அன்றுதான் பார்த்தார். தெரியாததைத் தெரிந்த முகத்தோடு வாங்கி வைப்பது எங்கள் குடும்பச் சொத்து. எனக்கும் பங்கு வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று நடக்க இருந்தது. அதில் இந்த டர்போவோடு கார் ஓடினால், கூட ஓட்டும் நண்பர்களின் கார்களெல்லாம் இனி இந்தக் கொட்டகைக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார் கார்க்காரர். ஓடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. உம்மா சொன்னார்.

முதல் வேலை, அது என்ன ஜாதி டர்போ என்று கண்டுபிடிப்பது. பெயர்த் தகட்டை எவனோ பிடுங்கியிருந்தான். ஆணித் துளைகள்தான் மிச்சம். மாமா மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாப்பாவின் பல் தேய்க்கும் பிரஷால் கரியைச் சுரண்டினார். வாப்பாவுக்கு இன்றுவரை இது தெரியாது. வார்ப்பில் லேசாக மேடு தட்டியது. என் சாக்பீஸை வாங்கி அதன்மேல் தேய்த்ததும், வெள்ளையாக எண்கள் எழுந்து வந்தன. அதைக் கையில் எழுதிக்கொண்டு குர்லாவின் பழைய சாமான் கடைகளில் அலைந்தார். கடைசியில் மண் அள்ளும் எந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த கடையில் அதே எண்ணோடு இன்னொரு நத்தை கிடந்தது. கார்க்காரரின் செல்லப்பிள்ளை மண் அள்ளுகிற வம்சம்! உள்ளே சுழலும் தண்டைத் தாங்குகிற புஷ் என்ற வளையங்களும் அந்தக் கடையிலேயே புதிதாகக் கிடைத்தன.

“டர்போன்னா என்ன மாமா செய்யும்?” என்று கேட்டேன்.

“எஞ்சின் விடுத ஏப்பத்த வச்சே எஞ்சினுக்கு ஊட்டி விடும்லே” என்றார். புகை ஒரு காற்றாடியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் காற்றாடி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். இதைவிட நல்ல விளக்கம் நான் பிறகும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து மாமா டர்போவைப் பிரித்தார். கார்க்காரரும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் மேசை ஓரம், உம்மா சுட்ட முறுக்குத் தட்டோடு. என் தட்டுக்குப் பக்கத்தில் மாமாவின் தட்டு. அதில் கழற்றிய சாமான்கள். புஷ் கருகிப் போயிருந்தது. ஏன் கருகியது என்று தெரியாமல் புதிதைப் போட்டால் அதுவும் கருகும் என்று முனகிக்கொண்டே எண்ணினார். புஷ்ஷை இரண்டு பக்கமும் நகராமல் பிடிக்கிற வளையக் கிளிப்புகள் நாலு இருக்க வேண்டும். தட்டில் மூன்றுதான்.

“எங்கயோ தெறிச்சிட்டு. அது இல்லாம ஓடாது. எப்பாடு பட்டாவது எடுத்தே ஆவணும்.”

காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார். எனக்கோ வேறொரு ஞாபகம். சற்று முன் ஒரு கருகிய முறுக்குத் துண்டு பல்லில் கடிபடாமல் உள்ளே போயிருந்தது. கறுப்பு. வளைவு. முறுக்குதானா அது?

காந்தம் என் பக்கம் வந்தது. வயிறு அதை நோக்கி இழுத்ததை நான் சத்தியமாக உணர்ந்தேன். மூச்சு விட்டுப் பார்த்தேன், விசில் அடித்தது. எடுத்தே ஆகணும் என்று மாமா சொல்லியாயிற்று. வயிற்றைக் கீறாமல் எப்படி எடுப்பார்கள்? சுவரில் தொங்கிய ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே பெரியதாக இருந்தன. மாமா காந்தத்தை வைத்துவிட்டு டர்போவின் நடுப்பகுதியையும் டார்ச்சையும் எடுத்தார்.

“மாமா, முழுங்கிட்டேன்.”

“எதலே?”

“கிளிப்ப.”

கையிலிருந்தவற்றை மேசையில் போட்டுவிட்டு என்னைத் தூக்கினார் மாமா. “சார், கடயப் பாத்துக்கிடுங்க” என்ற ஒரே வார்த்தையோடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். பின்னாலேயே உம்மா, “அல்லாவே, எம்புள்ளய மெஷினாக்கிட்டானே!” என்று மாடிப்படியில் இறங்கிக்கொண்டு. டாக்சி கிடைக்கும்வரை மாமா நிற்கவே இல்லை. நான் அவர் தோளில் கிடந்தபடி என் ரப்பர், பென்சில், கோலிக்குண்டு யார் யாருக்கு என்று பங்கு பிரித்துவிட்டேன். ஸ்கூல் பையை மட்டும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அதைக் கொடுக்கிற அளவுக்கு எதிரிகூட இல்லை எனக்கு.

ஆஸ்பத்திரியில் பையன் என்ன விழுங்கினான் என்று டாக்டர் மராத்தியில் கேட்டார். டர்போ கிளிப் என்று மாமா இந்தியில் சொன்னார். டர்போ என்றால் என்ன என்று டாக்டர் கேட்டிருக்கக் கூடாது. இரண்டு கைகளையும் காற்றாடியாகச் சுற்றி, வாயால் சத்தமும் கொடுத்து மாமா விளக்க, நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

டாக்டர் ஃபிலிமை விளக்கில் பிடித்தார். காற்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். மாமா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். திடீரென்று தொடையில் ஓங்கித் தட்டினார்.

“அப்பன்னா நாலாவது கிளிப்பே இருந்ததில்ல! முன்னாடி பிரிச்ச பய போடாமலே மூடிருக்கான்! புஷ்ஷு நகந்து எண்ணெ ஓட்டய அடச்சிருக்கு, அதான் கருகிருக்கு!”

“மொதல்ல எம்புள்ள வயித்தப் பாரு. ஒன் எண்ணெ ஓட்டய பொறவு பாக்கலாம்” என்றார் உம்மா.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிய மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை; மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எண்ணெய் ஓட்டைக்காகக் குதிக்கிறார்! திரும்பும் டாக்சியில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கொட்டகையில் கார்க்காரர் காந்தத்தைக் கையில் பிடித்தபடி காவல் இருந்தார். நாலாவது கிளிப் குர்லாவிலிருந்து வந்தது, சனிக்கிழமை டர்போ காரில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்து ஏற்றத்தில் மற்ற கிழட்டுக் கார்கள் முக்கிக்கொண்டிருக்க, கார்க்காரரின் கார் சன்னமாக விசிலடித்துக்கொண்டே ஏறிப் போனது. அடுத்த வாரம் கொட்டகை வாசலில் இடம் போதவில்லை.

இப்போது அந்தக் கடையில் நான் இருக்கிறேன். எத்தனையோ டர்போக்களைப் பிரித்தாயிற்று. கிளிப் உட்காரும் பள்ளத்தில் பல காலமாகக் கிளிப் இல்லையென்றால் எரிந்த எண்ணெய் கல்லாக இறுகி அதை அடைத்துக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து ஒரு தடவை பார்த்தால் போதும். எக்ஸ்ரே வேண்டாம், டாக்சி வேண்டாம். அன்று நான் வாயைத் திறந்தபோது மாமாவின் ஒரு கையில் அந்த நடுப்பகுதியும் மறு கையில் டார்ச்சும் இருந்தன. அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை; என்னைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தோன்றியிருக்கிறது.

அந்தக் கொட்டகையில் அன்று பயந்துபோனவன் நான் ஒருவன்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.