காஷ்பர் பிடுங்காத கட்டைகள்

மேல் டொப்போல்காவில் காஷ்பரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. அவரும் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. பெண்ணெடுத்து இந்த ஊருக்கே குடிவந்து நாற்பது வருடமாகியும் அவருக்கு 'கீழூரான்' என்றுதான் பெயர். அவர் பிறந்த கீழ் டொப்போல்கா அதே ஓடைக்கரையில் நாலு கிலோமீட்டர் கீழே இருக்கிறது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அவர் முகம் கொடுத்துப் பேசியது லாட்சி, ஃபுக்சா என்ற இரண்டு குதிரைகளிடம் மட்டும். ஸ்லோவாக்கிய மலைகளில் டிராக்டர் ஏற முடியாத சரிவுகள் நிறைய. அங்கே வெட்டிய மரங்களைக் குதிரை பூட்டி இழுத்து வருவதுதான் முப்பத்தொரு வருடமாக அவர் பிழைப்பு.

கம்யூனிஸ்ட் ஆட்சியின் கூட்டுப்பண்ணைக் காலத்தில் அந்த ஓடையை நேராக வெட்டிவிட்டார்கள். சதுப்பாகக் கிடந்த மேலூர் நிலம் காய்ந்து விளைச்சலுக்கு வந்தது. தண்ணீர் தறிகெட்டு ஓடிக் கீழூர் அடுப்படிகளில் போய் உட்கார்ந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் காஷ்பர் தன் தங்கை பவ்லீனாவைச் சாப்பாட்டு மேசை மேலிருந்து முதுகில் சுமந்து வந்தார். ஆகவே, ஓடையைப் பழையபடி நெளிய விடப்போகிறோம் என்று இன்ஜினியர்கள் வந்து நின்றபோது, ஊரில் அவர் ஒருத்தர்தான் என்ன ஏது என்று விசாரித்தார். மேலூர்த் தலைவர் கையெழுத்துப் போட்டபோது, ஏதோ மரம் நடப்போகிறார்கள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

பதினோரு ஓக் கட்டைகள். ஓடைக்குக் குறுக்கே, இரு முனைகளும் கரைக்குள் புதையும்படி, அவற்றை இழுத்துப் போட்டவை காஷ்பரின் குதிரைகள். மழைத்தண்ணீர் கட்டையில் முட்டி, வேகம் இழந்து, பக்கத்துப் புல்வெளியில் பரவி நின்று மெல்ல இறங்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு சனிக்கிழமை மேலூர் மொத்தமும் ஓடையைச் சுத்தம் செய்யும். கரையில் கொப்பரை நிறைய குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பு கொதிக்கும், பிளம் சாராயம் கைமாறும். ஐம்பது வருடமாக ஓடையில் ஒரு குச்சி கிடக்க விடாத ஊர் அது. ஊரின் கூட்டு நிலச் சங்கத்துக்குத் தலைவி ஹெர்மீனா. இந்த ஏப்ரலில் அந்தப் பதினோரு கட்டைகளையும் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. மருமகனை டிராக்டர் கொண்டுவரச் சொல்லி, முதல் கட்டையில் சங்கிலி மாட்ட வைத்தாள். ஈரம் ஊறிக் கிடந்த புல்வெளி, டிராக்டரை அச்சுவரை விழுங்கியது. கூட்டம் காஷ்பர் வீட்டு வாசலுக்கு வந்தது.

"குதிரையப் பூட்டு. டிராக்டர் மாட்டிக்கிச்சு," என்றாள் ஹெர்மீனா.

"மாட்டிக்கிச்சா? உருளைக்கிழங்கு மாதிரி நட்டு வச்சிட்டீங்க. கொஞ்சம் பொறுங்க, குட்டி டிராக்டரு நாலு முளைக்கும்."

"வாய்க்கொழுப்பு பேசாதய்யா. அந்த எழவ ஓடையில போட்டதே நீதான?"

"நான்தான். இப்ப என்ன?"

இருந்தும் போனார். ஊரே நின்று பார்க்கும்போது தன் குதிரைகள் இழுக்கட்டுமே என்ற பெருமைதான். நாலாவது இழுப்பில் டிராக்டர் வெளியே வந்தது. யாரோ இரண்டு பேர் கைதட்டவும் செய்தார்கள்.

"அப்படியே அந்தக் கட்டையையும் இழுத்துப் போட்டுடு," என்றாள் ஹெர்மீனா.

"மாட்டேன். கீழ அம்பது வீடு இருக்கு."

"உன் தங்கச்சி வீடு நனையாம இருக்க எங்க புல்லு அழுகணுமா?"

"அழுகட்டும்!"

அந்த ஒரு வார்த்தையை அவர் விழுங்கியிருக்கலாம். விழுங்குகிற ஆள் இல்லையே.

குதிரைகளுக்குக் குளிர்காலத் தீனி, மலைமேல் சங்கத்துக்குச் சொந்தமான புல்வெளியிலிருந்துதான். வருடா வருடம் அவருக்கு அதில் ஒரு துண்டு ஒதுக்குவார்கள். ஜூனில் அறுத்துக் காயவைத்துக்கொள்வார். அடுத்த வாரக் கூட்டத்தில் ஹெர்மீனா பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டாள். அறுப்புக்குள் கட்டைகள் வெளியே வராவிட்டால் காஷ்பருக்குப் புல் கிடையாது. கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது அவருடைய மச்சினன் கை.

"குதிரைக்கு அந்தக் கட்டையவே போடு, கடிச்சுக்கட்டும்," என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்களே தின்னுங்கடா அந்தப் புல்ல," என்று சொல்லிவிட்டு காஷ்பர் வெளியேறினார்.

வீட்டுக்கு வந்ததும் வீறாப்பு இறங்கிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் புல் கிடைக்கவில்லை. கட்டைகளை இழுத்துப் போடுவது அரை நாள் வேலை. மே மாதம் ஒரு நாள் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போகவும் செய்தார். முதல் கட்டைமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். இதை யாராவது அவரிடம் கேட்டால் அடிக்க வருவார், ஆனால் நடந்தது அதுதான்.

ஜூன் தொடக்கத்தில் மலையில் மூன்று நாள் மழை கொட்டித் தீர்த்தது. ஓடை பழுப்பாகப் பொங்கி வந்து கட்டைகளில் முட்டி, புல்வெளி முழுக்கப் பரவி, முழங்கால் ஆழத்துக்கு அசையாமல் நின்றது. காஷ்பர் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்று நாளும் கரையில் நின்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அறுப்பு தொடங்கியது. அவர் துண்டில் வேறொருவன் அரிவாள் இறங்கியது. மறுநாள் மலைக்கு அப்பாலிருந்து குதிரை வாங்குகிறவன் லாரியோடு வந்து முற்றத்தில் பலகையைச் சாய்த்தான். லாட்சியை அவன் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, காஷ்பர் தங்கைக்குப் போன் போட்டார்.

"பவ்லீனா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

"எங்கண்ணே வந்துச்சு? இந்த வருசம் பெருசா மழையே இல்லையே. டிவியிலதான் சும்மா பயமுறுத்துனாங்க. நானே உன்னக் கூப்பிடணும்னு இருந்தேன். நீ மேல தண்ணிய அடைச்சு வச்சிட்டியாம், ஓடையில மீனே வரலையாம். இங்க எல்லாரும் என் மூஞ்சிக்கு நேராவே பேசுறாங்க, மானம் போகுது. அதையெல்லாம் எடுத்துப் போட்டுடேன். உனக்கென்ன, ரெண்டு குதிரை இருக்கு, அரை நாள் வேலை."

"பாக்கலாம்," என்று போனை வைத்தார்.

லாட்சி ஏறிவிட்டது. ஃபுக்சா பலகையில் கால் வைக்க மறுத்து முரண்டு பிடித்தது. வாங்க வந்தவன் சாட்டையை எடுத்தான். காஷ்பர் அவனைத் தள்ளிவிட்டு, அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, தானே முன்னால் நடந்து அதை லாரியில் ஏற்றிவிட்டார்.