டீச்சரின் கீழுதடு

டீச்சர் முதன்முதலாக என் பார்லருக்கு வந்தது புருவம் திருத்த. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பதாகச் சொன்னார். இதற்காக எதற்கு ராஜபாளையம் வரை பஸ் ஏறி வந்தார் என்று யோசித்துக்கொண்டேதான் நூலை இழுத்தேன். வேலை முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே நான் எழுதி ஒட்டியிருந்த நோட்டீசையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டுக் கருமைக்கு நிரந்தர மேக்கப் என்று அதில் போட்டிருந்தது. ஒட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

"இது பச்சை குத்துற மாதிரியா?"

"அது மாதிரிதான் டீச்சர். ஆனா ஊசி அம்புட்டு ஆழமாப் போகாது. கலரும் மூணு நாலு வருசத்துல மங்கிரும்."

"பொறவு எதுக்கு நிரந்தரம்னு எழுதிருக்கீங்க?"

அவர் சிரித்தார். சிரிக்கும்போது முந்தானை வாய்க்குப் போனது. பேசும்போதும் போனது. வந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தார், நான்தான் கவனிக்கவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, முந்தானையை இறக்கிவிட்டு முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினார். மேலுதடு முழுக்கக் கருத்திருந்தது. கீழுதட்டில் இடது பாதி நல்ல இளஞ்சிவப்பு. வலது பாதி, கரி பட்டுத் துடைக்காமல் விட்டதுபோல் இருந்தது. பன்னிரண்டு வயதில் ஆரம்பித்ததாம். எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஒண்ணாப்புப் பிள்ளைக போர்டப் பாக்காதுக. வாயத்தான் பாக்கும். எழுத்த நான் எப்பிடிச் சொல்லுதேன்னு பாத்துத்தான் சொல்லும். போன வாரம் ஒரு பிள்ளை, டீச்சர், வாயக் கழுவிட்டு வாங்கன்னுச்சு."

அதை அவர் தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, இந்த அம்மாவுக்குப் புகையிலைப் பழக்கம் உண்டா என்று தலைமையாசிரியையிடம் விசாரித்திருக்கிறார். பக்கத்து அறையில் இருந்த டீச்சர் காதில் அது விழுந்திருக்கிறது.

இந்த வேலைக்கான ஊசி மிஷினை நான் பம்பாயில் வாங்கி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எண்பதுகளில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சேர்ந்தேன். எட்டு வருடம் துணியைச் சுருட்டிப் பொட்டலம் போட்டேன். இடையில் டைப்ரைட்டிங் போய்ப் பாதியில் விட்டேன். தையல் போய் அதையும் விட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியாத சுபாவம். கடைசியில் மதுரைக்குப் போய் அழகுக்கலை படித்து, தெலுங்கு பேசும் ஒரு குடும்பத்தின் வீட்டில் முன்னறையை வாடகைக்குப் பிடித்து பார்லர் வைத்தேன். அது நன்றாக ஓட ஆரம்பித்ததும் மறுபடியும் அரிப்பு. பம்பாயில் புதிதாக ஏதோ சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே குடியிருந்த என் சித்தி வீட்டில் தங்கி பத்து நாள் வகுப்புக்குப் போனேன். இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வகுப்பில் ரப்பர் தாளில் போட்டுப் பழகியிருந்தேன். என் உதட்டில் ஒரு ஓரத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். அங்கேயே மூன்று பேருக்கு மிஷினில் புருவம் போட்டிருந்தேன். அடுத்தவர் உதட்டில் ஊசி வைத்ததே இல்லை. இதை டீச்சரிடம் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். கணவரிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். உதட்டை மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவிவிட்டு நோட்டைப் புரட்டினேன். கருத்த உதட்டில் நேரடியாக ரோஸ் போடக்கூடாது, முதலில் ஆரஞ்சு போட்டுக் கருமையை அடக்க வேண்டும், இரண்டு மாதம் கழித்துத்தான் வேண்டிய நிறத்தைப் போட வேண்டும் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. டீச்சரிடம் சொன்னேன்.

"ஆரஞ்சா? ஆரஞ்சு வாயோட நான் எப்பிடி ஸ்கூலுக்குப் போவேன்?"

"கொஞ்ச நாள்தான் டீச்சர்."

"அதுக்கு இந்தக் கருப்பே பரவால்ல. ரோஸே போடுங்க. கூடக் கொஞ்சம் அழுத்திப் போட்டா மறையாதா?"

மறையாது என்று நோட்டு சொன்னது. மறைந்தாலும் மறையும் என்று நான் சொன்னேன். அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயம் எனக்கு. இரண்டு மாதமாகப் பெட்டிக்குள் கிடந்த மிஷின் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியிருந்தது. இன்னொன்றும் அந்த நோட்டில் இருந்தது. உதட்டில் எப்போதாவது கொப்புளம் வந்ததுண்டா என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை.

இரண்டரை மணி நேரம் ஆனது. மிஷின் ஓடும்போது அவர் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். கசிந்த ரத்தத்தை ஒற்றி எடுக்க எடுக்க, துணி கட்டுக்கட்டாகத் தீர்ந்தது. எழுந்து கண்ணாடியைப் பார்த்தார். உதடு வீங்கி, ஒரே சீராக, ரோஸாக இருந்தது. கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போய் நின்றுகொண்டார். எனக்கு ஆகாயத்தில் நடக்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் டீச்சர் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும் என்று பேசியிருந்தோம். என் கடைக்குப் போன் கிடையாது. மாடியில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம்தான் இருந்தது. மூன்றாம் நாள் முழுக்கப் போன் வரவில்லை. நாலாம் நாள் காலையிலேயே இரண்டு முறை மாடியேறிக் கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை போனபோது அந்த அம்மா, "வந்தா நானே கூப்பிட மாட்டேனா? எதுக்கும்மா இப்பிடி ஏறி ஏறி இறங்குத?" என்றார். ஒரு பெண்ணுக்கு முடி வெட்டும்போது சொன்னதைவிட இரண்டு அங்குலம் கூட வெட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. இறங்கும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன். பள்ளியில் கேட்டேன். டீச்சருக்கு உடம்பு சரியில்லை, லீவு என்றார்கள். வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு ஆயா ஒரு வார்த்தை சேர்த்தார்: "வாயெல்லாம் அக்கிக் கொப்புளமாம்."

கதவைத் திறந்தவர் டீச்சரின் கணவர். ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறவர். என்னைப் பற்றி டீச்சர் அதற்குள் சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்கதானா அந்தப் பார்லர்காரம்மா?"

"ஆமாண்ணே."

திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நான் எதுவும் சொல்லிட்டேன்னு உங்ககிட்ட சொன்னாளா? கல்யாணமாகிப் பதினோரு வருசமாச்சு. அவ வாயப் பத்தி நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. கனவுல கினவுல சொன்னேனோ என்னமோ தெரியல. அஞ்சு நாளா அதேதான் யோசிச்சிட்டிருக்கேன்."

"உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லலண்ணே."

"பல்லுன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்காளே."

உள்ளே போனேன். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாய் மேல் மெல்லிய துண்டு. அதை விலக்கிக் காட்டினார். உதட்டோரங்களில் கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம். சில உடைந்து மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருந்தன. காய்ச்சல் அடித்தது. பேச முடியவில்லை. மகளின் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்.

'சின்ன வயசில் பரீட்சை வந்தாலே எனக்கு இது வரும். சொல்லணும்னு தெரியாது.'

"நாந்தான் கேட்டிருக்கணும் டீச்சர். கேக்கணும்னு எனக்குத் தெரியும். நோட்டுல இருந்துச்சு. கேக்கல."

கணவர் வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கி எழுதுகிற ஒருவரிடம் கூட்டிப்போய்க் காவி பூசிவிடலாம் என்று அவர் கிளம்பிக்கொண்டிருந்தபோதுதான் நான் வந்திருக்கிறேன். முதலில் தோல் டாக்டரிடம் போவோம் என்று சொன்னேன். "நீங்க சொல்லுதத இனி எப்பிடிம்மா கேக்குறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீச்சர் சிலேட்டை அழித்துவிட்டு, 'டாக்டர்' என்று பெரிதாக எழுதி அவரிடம் நீட்டினார்.

மூன்று பேருமாக ராஜபாளையத்துக்கு வந்தோம். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். இந்தக் கொப்புளத்தின் கிருமி உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும், ஊசி பட்டதும் எழுந்துகொள்ளும், வேலைக்கு முன்பே மாத்திரை கொடுத்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தெரியாத வேலையத் தொடாதீங்க" என்றார். டீச்சரும் அவர் கணவரும் அங்கேயே இருந்தார்கள். காதெல்லாம் எரிந்தது. தெரியாத வேலை இல்லை, தெரிந்தும் செய்யாமல் விட்ட வேலை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் இன்னும் கேவலம்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கொப்புளம் ஆறிப் பொருக்கு உதிர்ந்தது. தழும்பு விழவில்லை. ஆனால் நிறம் பாதிக்குமேல் பொருக்கோடு போய்விட்டது. மிச்சம் நின்றது கருமையோடு கலந்து சாம்பல் பூத்த ஊதாவாகத் தெரிந்தது. நாவற்பழம் தின்ற வாய் மாதிரி. அந்த வாயோடுதான் டீச்சர் வேலைக்குத் திரும்பினார்.

நான் மிஷினைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். நோட்டீசைக் கிழித்தேன். ஆனாலும் கண் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில், மார்க்கெட்டில், கல்யாண வீட்டுப் பந்தியில், யார் பேசினாலும் உதட்டைத்தான் பார்த்தேன். இவருக்கு ஓரம் மட்டும் கருப்பு, இவருக்கு நடுவில் வெளிறல் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. "எதுக்குடி என் வாயையே பாக்க?" என்று என் அம்மாவே ஒருநாள் கேட்டுவிட்டாள். பரணில் கிடந்ததை இரண்டு முறை இறக்கித் துடைத்துத் திரும்ப ஏற்றினேன்.

மூன்று மாதம் கழித்து, பரீட்சை முடிந்து கோடை லீவு விட்ட முதல் நாள், டீச்சர் வந்தார். கணவரும் கூட வந்தார். பெண்கள் வந்துபோகிற இடம் என்பதால் அவர் வாசலோடு நின்றுவிட்டார். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆரஞ்சே போடுங்க" என்றார்.

"மாட்டேன் டீச்சர். இனி அதத் தொடுறதா இல்ல."

"பாதியில விட்டா எப்பிடி? நீங்க பயந்துக்கிட்டா நான் இதோட யாருகிட்டப் போக? பம்பாய்க்கா?"

"மறுபடி கொப்புளம் வந்தா?"

கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். அவரே போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். மாத்திரையை முந்தின நாளே ஆரம்பித்துவிட்டார். "டாக்டர் மொதல்ல மொறைச்சாங்க. பொறவு எழுதிக் குடுத்தாங்க. லீவு முடியிறதுக்குள்ள ஆரஞ்சு அடங்கிரும்ல?"

வாசலிலிருந்து கணவரின் குரல் வந்தது. "இந்தத் தடவ எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கா."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். போன தடவை நீங்கள்தான் எனக்கு முதல் உதடு, அதை நான் மறைத்துவிட்டேன் என்று. டீச்சர் கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கே தெரியும். களிம்பத் தடவிட்டு நோட்டப் புரட்டிப் புரட்டிப் படிச்சீங்கல்ல" என்றார். நான் மிஷினை இறக்கினேன்.

ஆரஞ்சு போட்டேன். இந்த முறை அழுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. மூன்றாம் நாளும் நாலாம் நாளும் நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கொப்புளம் வரவில்லை. ஒரு வாரம் போல டீச்சர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. உதடு சாமந்திப்பூ மாதிரி இருந்தது. பிறகு உரிந்து, மங்கி, கருமையும் ஆரஞ்சும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு செங்கல் போல ஒரு பழுப்பு தங்கியது. பள்ளி திறந்து சில வாரம் கழித்து அதன் மேல் லேசாக ரோஸ் கொடுத்தேன். கலர் அட்டையில் முதல் தடவை அவர் தொட்டுக் காட்டிய ரோஸ் வரவில்லை. அதைவிடக் கொஞ்சம் மண்ணாக, பார்த்தால் பிறவி உதடு என்றே சொல்லும்படி வந்தது. வலது மூலையில் மட்டும் மிளகளவு கருப்பு நின்றுவிட்டது.

"அத மட்டும் இன்னொரு தடவ தொட்டுருவோம் டீச்சர்."

"வேண்டாம்."

"அஞ்சு நிமிச வேலைதான்."

"வேண்டாம்னு சொல்லுதேன்ல. எனக்குப் போதும்."

அவருக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை. அவர் பஸ் ஏறிப் போன பிறகும் அந்த மிளகளவு கருப்பு கண்ணிலேயே நின்றது.

அந்த வருடக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். மில்லில் வேலை பார்ப்பவள், கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மேலுதட்டில் கருப்பு. நான் நாற்காலியில் உட்காரவைக்கும் முன்பே கேட்டேன், உதட்டில் அக்கி வந்ததுண்டா என்று. வருடத்துக்கு ஒருதரம் வரும் என்றாள்.

"அப்ப டாக்டரப் பாத்து எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவும் ஒரு மாசத்துல ஆகாது. கல்யாணத்துக்குப் பொறவு வாங்க."

"பொறவு எதுக்கு?" என்றாள் அவள். முகம் சுண்டிப்போனது. "வேற எங்கயாச்சும் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். வேறு எங்கே போவாள், யார் கையில் போய் உட்காருவாள் என்று எனக்குத் தெரியவில்லை. வாசலுக்கு வந்து கூப்பிட வாயெடுத்தேன். அவள் ரோட்டைக் கடந்து, வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் போன பிறகும் வெகுநேரம் வாசலில் நின்றேன். உள்ளே ஒருத்தி ஈரத் தலையோடு காத்திருந்தாள். அவள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பிப் போனேன்.