சாகரராணிக்கு ஒரு பூசை

கத்தரினுக்குக் கோபம் வந்தால் அது முதலில் சட்டி பானைகளுக்குத்தான் தெரியும். அன்று மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் அவள் வீட்டுச் சமையலறையில் அகப்பை பறந்ததற்குக் காரணம், தம்பி அம்புறோஸ் கைபேசியில் காட்டிய ஒரு கப்பல்.

சாகரராணி என்ற கடற்படைச் சரக்குக் கப்பலுக்கு ஓய்வு கொடுக்கிறார்களாம். பாண்டு வாத்தியம், பூமாலை, சனத்தைக் காப்பாற்றிய கப்பல் என்று ஒரு புகழாரம். இனி மீன்கள் குடியிருக்க அதைக் கடலில் மூழ்கடிப்பார்களாம்.

கத்தரினுக்கா அந்தக் கப்பலைத் தெரியாது? கரையோடு முட்டி, முன்கதவைத் திறந்து, கவச வண்டிகளையும் ஆமிக்காரரையும் இறக்கியது அதுதான். சண்டையில் தரைப்பாதை பூட்டியபோது மாவும் சீனியும் கொண்டுவந்ததும் அதுதான். பொய் சொல்லக்கூடாது, அந்த மாவில் அவளும் ரொட்டி சுட்டாள். பிறகு ஊரைவிட்டுப் போக ஆட்களை ஏற்றியது. அவளும் கணவன் ஜெனாட்டும் ஏறினார்கள். திருகோணமலையில் இறங்கும்போது, சின்ன விசாரணை என்று ஜெனாட்டை மட்டும் மறித்துக் கொண்டுபோனார்கள். பதினெட்டு வருடமாகிறது. அந்தச் சின்ன விசாரணை இன்னும் முடியவில்லை!

தனியாக மொன்றியல் வந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் சமைத்தாள், பனியில் பஸ்ஸுக்குக் காத்துநின்றாள், சொந்தமாக வீடும் வாங்கினாள். ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. நவம்பரில் தேவாலயத்தில் இறந்தவர்களுக்கான பூசையில் பெயர் வாசிப்பவன் அம்புறோஸ். ஜெனாட்டின் பெயரையும் சேர்க்கட்டுமா என்று வருடாவருடம் கேட்பான். மாட்டேன் என்று முகத்திலடித்தாற்போல் சொல்லுவாள்.

"அக்கா, அந்தக் கப்பலே போயிட்டுது. இந்த முறையாவது அத்தானுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம். நீங்களும் நிம்மதியா இருக்கலாம்."

அப்போதுதான் அகப்பை பறந்தது.

"ஆரின்ர நிம்மதியடா? அவர் செத்திட்டாரெண்டு உனக்கு ஆர் சொன்னது? கொண்டுபோனவன் சொன்னவனோ?"

"இல்லை அக்கா, நான்..."

"கப்பல் எப்ப வந்தது, எங்க ஓடினது, எப்ப முடிஞ்சது, எல்லாம் சொல்லத் தெரியுது. அதில ஏறின மனிசன் எங்க எண்டு கேட்டா மட்டும் ஒருத்தனுக்கும் வாய் இல்லை."

அம்புறோஸ் குனிந்து அகப்பையை எடுத்தான். அவள் அதைப் பறித்துக் கழுவினாள். சட்டியை மறுபடி கிளறத் தொடங்கிய பிறகுதான் திரும்பினாள்.

"பூசை தானே வேணும்? ஒப்புக்குடு. காசு நான் தாறன். சாகரராணி எண்டு பேரை வடிவா வாசி. செத்தது அதுதான்."