காயாத நெல்லும் கள்ளப் பட்டமும்

எங்கள் அரிசி ஆலையின் கிளைக் கணக்குகளெல்லாம் தானாகவே ஒரே இடத்தில் சேர நான் அமைத்த சிஸ்டம், இன்று காலை முதல் அறிக்கையைத் தந்தது.

துணுக்காய்க் கிளை வாங்கிய நெல்லை விட ஆலைக்கு அனுப்பிய நெல் குறைவாம். சிவப்பில் காட்டியது.

முதலாளி உடனே அந்தக் கிளையின் பொறுப்பாளர் அக்காவுக்குப் போன் போட்டார்.

"மிச்ச நெல்லு எங்கை பிள்ளை? உண்மையைச் சொல்லு. இல்லாட்டிப் பொலிசுக்குப் போவன்."



ஸ்பீக்கரில் அழுகையை அடக்கிய குரல் கேட்டது.

"ஈரநெல்லைத்தானே ஐயா வாங்கினனாங்கள். காயப்போட்டுத்தான் அனுப்பினனாங்கள். காய்ஞ்சால் நிறை குறையாதோ?"

நெல்லோடே வளர்ந்த மனிதர், சிவப்பைக் கண்டதும் வெயிலை மறந்துவிட்டார். அவரை விடுங்கள், சிஸ்டம் செய்த நான் ஸ்கந்தபுரத்து விவசாயியின் மகள்.

உங்கள் சிஸ்டம் இதுவரை யாரைக் கள்ளராக்கியிருக்கிறது?